சேவுகன் செருப்பு நடந்த தெரு

செங்காட்டூரணியில் சேவுகனுடைய செருப்புகள் முதன்முதலாகத் தனியே நடந்து வந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். சேவுகனுக்குக் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அது. பெரிய தெருப் பெண்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த நேரம், காலனிக் குழாயடியிலிருந்து வலது, இடது, வலது, இடது என்று, பஸ்ஸைப் பிடிக்கப் போகிற ஆளின் வேகத்தில், உள்ளே கால் இல்லாமல், பாசி படிந்த கிணற்றுத் தண்ணீர் சொட்டச் சொட்ட, இரண்டு பழுப்புத் தோல் செருப்புகள் பெரிய தெருவுக்குள் நுழைந்தன. பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் அலறவில்லை. ஒருத்தி மட்டும், "ஏய், பாத்துடி, மேல பட்டுறப் போவுது" என்று பக்கத்தில் நின்றவளின் சேலையை இழுத்து மடக்கிவிட்டாள்.

செருப்புகள் நேராகப் போய் முன்னாள் பிரசிடெண்ட் தனுஷ்கோடியின் மாடி வீட்டுக்கு முன்னால் நின்றன. கொஞ்ச நேரம் நின்றன. பிறகு இடது செருப்பின் குதிகால் பக்கம் மட்டும் மெல்ல மேலே எழும்பி, அந்தரத்தில் நடுங்கியது. அதற்குப் பிறகு இரண்டும் பொத்தென்று சாய்ந்து, யாரோ கழற்றிப் போட்ட வெறும் செருப்புகளாகத் தெருவில் கிடந்தன.

அந்த ஊரில் எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். காலனியிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போக இரண்டு வழி. கண்மாய்க்கரை வழி சுற்று. கருவேல முள் காலைக் கிழிக்கும். பெரிய தெரு வழி நேரானது, சிமெண்ட் போட்டது. பெரிய தெரு வழியாகப் போகிற காலனிக்காரர்கள் குழாயடியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்கள், பஸ் ஸ்டாப்புக்குப் போய் மாட்டிக்கொள்வார்கள். யாரும் கழற்றச் சொல்வதில்லை. யாரும் போட்டுக்கொண்டு போவதும் இல்லை. போலீஸ் வேலை கிடைத்து லீவில் வந்த பையன்கூட மோட்டார் சைக்கிளைக் குழாயடியில் நிறுத்தி, பூட்ஸைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டி, வெறுங்காலால் கியர் போட்டுக்கொண்டு போனான். ஏன் என்று பெரிய தெருவில் கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலம், இப்ப யாரு பாக்கா" என்பார்கள். காலனியில் கேட்டால், "பழகிப்போச்சு" என்பார்கள்.

அந்தச் செருப்புகளை வாங்கிக் கொடுத்தது சேவுகனின் மகள் ஜெயசுதா. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பி.காம். முடித்து மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், முதல் மாதச் சம்பளத்தில் அப்பாவுக்குத் தோல் செருப்பு வாங்கி வந்தாள். சேவுகன் அதை மோந்து பார்த்தார். அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தார். "இம்புட்டு நல்லதப் போட்டுட்டு எங்கிட்டாத்தா போறது" என்று சிரித்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வீட்டுக்குள்ளேயே அடுப்படிக்கும் வாசலுக்கும் போட்டு நடந்து பார்த்தார். அவருடைய மனைவி இருளாயி, உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே திரும்பி, "சோறு பொங்குற வீட்டுக்குள்ள எவனாச்சும் செருப்புப் போட்டு நடப்பானா? வெளிய கொண்டுபோயிக் கழட்டு" என்று சத்தம் போட்டாள். சேவுகன் வாசலுக்குப் போய்க் கழற்றிவிட்டு வந்தார். அந்த ஒரு வாக்கியத்தை இருளாயி பின்னால் எத்தனையோ தடவை தனக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த தடவை ஜெயசுதா ஊருக்கு வரும்போது அம்மாவுக்கு மிக்ஸி வாங்கிக்கொண்டு வந்தாள். பெட்டி கனம். பஸ்ஸில் இருந்தபடியே போன் பண்ணி, "அஞ்சு மணி பஸ்சுல வாறேம்ப்பா, ஸ்டாப்புக்கு வாங்க, சீக்கிரம் வாங்க" என்றாள். சேவுகன் கிளம்பினார். அவள் இறங்கினாள். பஸ் போனது. அப்பா வரவில்லை. இருட்டுகிறவரை பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, கண்மாய்க்கரை வழியாகப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலையில் கண்மாய் மடைக்குள் சேவுகன் கிடந்தார், வெறுங்காலோடு. குடித்துவிட்டு வழுக்கி விழுந்ததாகப் போலீஸ் சொன்னது. சேவுகன் குடிக்க மாட்டார். செருப்பு மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

என்ன நடந்தது என்று இரண்டு தெருவுக்கும் தெரியும். பெரிய தெருவில் தாழ்ந்த குரலில், "கழட்டச் சொன்னதுக்கு மாட்டேன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னானாம்ல. யாருக்குத்தான் கோவம் வராது?" என்றார்கள். காலனியிலும் தாழ்ந்த குரலில்தான், ஆனால் கண் மின்ன, "கழட்டச் சொன்னதுக்கு மாட்டேன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னாராம்ல!" என்றார்கள். இரண்டு தெருவும் ஒரே கதையைச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். ஜெயசுதாவும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடினால், தான் வாங்கிக் கொடுத்த செருப்பின் மேல் அப்பா நிமிர்ந்து நின்றார். அது இருந்ததால்தான் அவளால் சாப்பிட முடிந்தது, மேலே மேலே மனு எழுதிப் போட முடிந்தது, விசாரணைக்கு ஆள் வரும் என்று காத்திருக்க முடிந்தது.

செருப்புகள் தினமும் நடந்தன. விடியும்போது பார்த்தால் தெருவில் இருக்காது. சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் குழாயடியில் நிற்கும், நடக்கும், மாடி வீட்டின் முன்னால் நிற்கும், இடது குதிகால் எழும்பும், சாயும். தனுஷ்கோடியின் ஆட்கள் முதலில் அவற்றை வீட்டுக்குப் பின்னால் இருந்த பாழுங்கிணற்றில் போட்டார்கள். மறுநாள் ஈரத்தோடு வந்தன. அந்தக் கிணற்றிலிருந்துதான் முதல் நாளும் ஈரத்தோடு வந்தன என்பதை அப்போது எல்லோரும் நினைத்தார்கள், யாரும் சொல்லவில்லை. எரித்தார்கள், ஓரம் கருகி வந்தன. புதைத்தார்கள், மண்ணோடு வந்தன. பழைய இரும்புக்காரனிடம் கொடுத்து அனுப்பினார்கள். அவன் மறுநாள் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்து, தான் கொடுத்த பேரீச்சம்பழத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டான்.

கொஞ்ச நாளில் ஊர் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் செருப்பைப் பார்த்து அடுப்பில் பாலை ஏற்றினார். சொசைட்டி வண்டி, "செருப்பு போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டு வந்தது. தெருவில் காயப் போட்ட கொத்தமல்லியை நடுவில் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு வழிவிட்டுப் பரப்பினார்கள். ஆடுகள் தாமாகவே ஒதுங்கின. மாடி வீட்டில் தனுஷ்கோடியின் அக்கா சொர்ணம் இருந்தாள். புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள், நிலைப்படியைத் தாண்டி அதிகம் வராதவள். அவள் காலையில் வாசல் தெளித்துப் போடுகிற கோலத்தில் ஒரு இடம் மட்டும் எப்போதும் வெறுமையாகக் கிடந்தது. புள்ளிகள் அந்த இடத்துக்கு வந்ததும் வளைந்து போயின. செருப்புகள் வந்து நிற்கிற இடம் அது.

இடது செருப்பு ஏன் எழும்புகிறது என்பதைப் பற்றி இரண்டு தெருவிலும் பேச்சு இருந்தது. "எங்க வீட்டுக்கு முன்னால வணக்கம் வைக்குது. உசுரோட இருந்தப்ப வராத மரியாத இப்ப வந்துருக்கு" என்றார் தனுஷ்கோடி. காலனியில் ஜெயசுதாவின் சித்தப்பா மாரிக்கண்ணு, "வணக்கமாவது! மிதிக்கக் கால ஓங்குறாருடா எங்கண்ணன்" என்றார். ஜெயசுதாவுக்கும் அப்படித்தான் பட்டது.

அவள் கடையில் லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஏட்டையாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பு நடந்ததை முழுதும் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"ஏம்மா, செருப்பு நடந்துச்சுன்னு நான் எப்டி எழுதுறது?"

"நடந்துச்சுன்னு எழுத வேண்டாம் சார். எங்க நிக்கிதுன்னு மட்டும் எழுதுங்க."

ஏட்டையா மாடி வீட்டைப் பார்த்தார். அப்புறம் டீக்குக் காசு கொடுக்கப் பையைத் துழாவினார். "ஆள் சாட்சி வேணும்மா. செருப்ப எல்லாம் கூண்டுல ஏத்த முடியாது. இந்தத் தெருவுல எவராச்சும் ஒருத்தர் வாயத் தொறந்து பாத்தேன்னு சொல்லட்டும், அடுத்த நிமிசம் நான் எழுதுறேன்."

தெருவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தனுஷ்கோடியின் பேரன் தூக்கத்தில் எழுந்து, "கழட்டிட்டேன், கழட்டிட்டேன்" என்று கத்த ஆரம்பித்தான். பசு செத்த கன்றை ஈன்றது. அந்த வீட்டில் யார் செருப்பு போட்டாலும் குதிகால் எரிந்தது. குறி கேட்கப் போனார்கள். குறி சொன்னவர் அரிசியைத் தூவிப் பார்த்துவிட்டு, "அகால உசுரு ஒண்ணு அலையுது. கோயில் கட்டி நிலையம் கொடுத்து உக்கார வைங்க. தெய்வமாக்கிட்டா கேள்வி கேக்காது" என்றார்.

பெரிய தெருவுக்கு அது உடனே பிடித்துப் போயிற்று. கொல்லப்பட்டவனைக் கும்பிடுவது அந்தப் பக்கத்தில் புதிதில்லை. அவர்களுடைய எல்லைச்சாமிகளில் பாதிப்பேர், யார் கையால் செத்தார்கள் என்று கேட்டால் பூசாரி பேச்சை மாற்றுகிற சாமிகள்தான். தெரு முனையில் தகரக் கொட்டகை எழும்பியது. கம்பிக் கதவு வந்தது. 'நடையப்பசாமி' என்று போர்டு வந்தது. மதுரையில் சொல்லி வெள்ளியில் ஒரு ஜோடிப் பாதுகை செய்து, அந்தச் செருப்புகளோடு உள்ளே வைத்துப் பூட்டினார்கள். பெரிய தெருக்காரர்கள் கொட்டகையைத் தாண்டும்போது பக்தியோடு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த காலனிக் கிழவர் ஒருவர், "நாங்க பண்ணா பழக்கம், இவுக பண்ணா பக்தி" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

தனுஷ்கோடி ஆள் அனுப்பி மாரிக்கண்ணுவோடு பேசினார். மாரிக்கண்ணு இருளாயி வீட்டுக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மதினி, நல்லபடியாத்தான் பேசுறாக. வர்ற வெள்ளி மொதப் பூச. மொத மரியாத ஒங்களுக்குத்தானாம். பரிவட்டம் கட்டுறாகளாம். நம்ம தெருவுக்கு அந்த வழியா போக வர இனிமே ஒரு பேச்சும் இல்லையாம். ஒண்ணே ஒண்ணுதான். பாப்பா போட்ட மனுவ வாபஸ் வாங்கணும்."

"யாரு சித்தப்பா, கொன்னவுகளே கும்பிடுறாகளா?" என்றாள் ஜெயசுதா.

"சத்தமாப் பேசாத. ஒங்கப்பன் நிமிந்து நின்னான்ல, அதுக்குத்தான் இன்னைக்கு அவுகளே குனியிறாக. நம்மாளு ஒருத்தன் சாமியாகி அவுக தெருவுல ஒக்காருறான். இதுக்கு மேல கோர்ட்டு என்னத்தக் குடுத்துரும்?"

"சாமியாயிட்டா, செத்தது யாரு? எங்கப்பாவ யாரும் கொல்லலன்னு ஆயிரும்ல?"

மாரிக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய மகளும் அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். இருளாயி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அந்தக் கதவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாகளாமே, அஞ்சு மணிக்கு என்ன பண்ணும் அது?" என்று மட்டும் கேட்டாள்.

அஞ்சு மணிக்கு அது தட்டியது. கம்பிக் கதவுக்கு உள்ளேயிருந்து, டொக், டொக், டொக் என்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஆள் பூட்டிய கதவைத் தட்டுவதுபோல. பூசாரி பெரிய மணியை எடுத்து விடாமல் அடித்தார். பஸ் வந்து போகிறவரைக்கும் மணி நிற்கவில்லை. அதிலிருந்து அந்த ஊரில் அஞ்சு மணிக்கு இரண்டு சத்தம் கேட்கும். மேலே மணி, அடியில் டொக், டொக். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. ஜெயசுதாவால் முடியவில்லை. காதைப் பொத்தினால் அந்தச் சத்தம் அவள் கைக்குள்ளேயே கேட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. குழாய் ஸ்பீக்கரும் பொங்கலும் மாலையுமாகப் பெரிய தெரு நிறைந்திருந்தது. காலனிக்காரர்களுக்குக் கொட்டகைக்கு வெளியே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிடலாம். சொந்த அண்ணனைக் கும்பிட மாரிக்கண்ணு புது வேட்டி கட்டிக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார். இருளாயி வரவில்லை. "எம் புருசன் அஞ்சு மணிக்கு வீட்டுல இருந்து கெளம்புனவரு. நான் வீட்டுலதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். ஜெயசுதா மட்டும் போனாள்.

தனுஷ்கோடி அவளைப் பார்த்துச் சிரித்தார். "வா தாயி. படிச்ச புள்ள, புரிஞ்சுக்கிட்ட. பூச முடியட்டும், நாளைக்கு நம்ம வண்டியிலயே போயி மனுவ முடிச்சுட்டு வந்துருவோம்." பூசாரி பரிவட்டத்தை ஒரு தட்டில் வைத்து, தட்டைத் தரையில் வைத்து, அவள் பக்கம் கையாலேயே நகர்த்திவிட்டுத் தள்ளி நின்றார்.

மணி அஞ்சை நெருங்கியது. தீபாராதனைக்காகக் கம்பிக் கதவைத் திறந்தார்கள். உள்ளே மாலைக்குள்ளும் சந்தனத்துக்குள்ளும் புதைந்து, வெள்ளிப் பாதுகைகளுக்குப் பக்கத்தில், ஓரம் கருகிய அந்தப் பழுப்புச் செருப்புகள் துடித்துக்கொண்டிருந்தன. ஜெயசுதா கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள்.

"ஏய், ஏய், உள்ள தொடாத!"

"எங்கப்பா செருப்பு" என்றாள். மாலையை எடுத்துக் கீழே வைத்தாள். செருப்புகளைத் தரையில் போட்டாள். போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, சாமிய மிதிக்கிறா!" என்று ஒரு பெண் கத்தினாள்.

செருப்புகள் நடக்கத் தொடங்கிவிட்டன. உள்ளே அவள் கால் இருந்ததால் அவளும் நடந்தாள். தடுக்க வந்தவர்கள், அவளைத் தடுப்பதா சாமியைத் தடுப்பதா என்று தெரியாமல் ஒதுங்கினார்கள். மணி அடிக்கிற கை நின்றுபோயிற்று. செருப்புக்குள் சூடாக இருந்தது. அப்பாவின் கட்டைவிரல் அழுத்தி அழுத்திப் பள்ளமான இடத்தில் அவளுடைய விரல் போய் உட்கார்ந்தது, அப்போது அவருடைய அவசரம் அவள் முழங்கால் வரை ஏறியது. பஸ் வந்துவிடும், பிள்ளை சுமையோடு நிற்கும், கரை வழியாகப் போனால் நேரமாகிவிடும், இந்த ஒரு நாள்தானே, யாரும் வாசலில் இல்லையே, இந்த வீட்டைத் தாண்டிவிட்டால் போதும், இதைத் தாண்டிவிட்டால் போதும். அவள் எதிர்பார்த்த வீரம் எதுவும் அதில் இல்லை. பயந்த ஒரு மனிதர், பயந்துகொண்டே, வேகமாக நடந்தார்.

மாடி வீட்டின் முன்னால் செருப்புகள் நின்றன. இரண்டு தெருவும் பின்னால் கூடி நின்றது. இப்போது நெஞ்சு நிமிரும் என்று ஜெயசுதா காத்திருந்தாள். இத்தனை நாள் அவளைச் சாப்பிட வைத்த அந்த நிமிர்வு இப்போது தன் முதுகுக்குள் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவளுடைய முழங்கால் மடங்கியது. முதுகு வளைந்தது. இடது குதிகால் செருப்பிலிருந்து மேலே எழும்பியது. அவளைக் கேட்காமலே அவள் கை கீழே போய்ச் செருப்பின் வாரைப் பிடித்தது.

குனிந்த நிலையிலேயே அவளுக்குப் புரிந்தது. தெருவின் சிமெண்ட் அவள் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"பாத்தியளா, பாத்தியளா, எங்க வாசல்ல வணங்குறத" என்றார் தனுஷ்கோடி.

ஜெயசுதா நிமிராமலே, யாரிடம் என்று இல்லாமல் கேட்டாள். "கழட்டிக்கிட்டுத்தான் இருந்தாரா?"

கூட்டத்துக்குள்ளிருந்து மாரிக்கண்ணு, "அப்டிச் சொல்லாத பாப்பா" என்றார். "நிமிந்துதான் நின்னாரு. நிமிந்து நின்னாருன்னே இருக்கட்டும்த்தா."

"ஆமா, கழட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு" என்றது வேறொரு குரல்.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சொர்ணம் நின்றாள். வெளிச்சம் பட்டுக் கண் சுருங்கியது. "சேவுகா நில்லுன்னான் எந்தம்பி. நின்னாரு. காலப் பாருன்னான். பாத்தாரு. தெரியாமப் போட்டுட்டு வந்துட்டேன்யா, மக வருது, பஸ் வந்துரும்யான்னு சொல்லிக்கிட்டே குனிஞ்சாரு. இடது கால்லருந்து கழட்டப் போனாரு. குனிஞ்ச ஆளத்தான் இவனும் இவன்கூட நின்னவனுகளும் அடிச்சானுக. நிமிரவே இல்ல. நிமிர விடல."

"அக்கா, உள்ள போ" என்றார் தனுஷ்கோடி.

"உள்ளயேதான இருந்தேன்" என்றாள் சொர்ணம். "உள்ள இருந்து சன்னல் வழியாத்தான் பாத்தேன்."

பெரிய தெரு சொல்லிவந்த திமிர் பிடித்த சேவுகன் அந்தச் சொல்லோடு செத்துப்போனான். காலனி சொல்லிவந்த வீரன் சேவுகனும் கூடவே செத்துப்போனான். இரண்டு பேரும் போன பிறகு அங்கே மிஞ்சியது, சொன்னதைக் கேட்டுக் கீழ்ப்படியக் குனிந்த ஒரு மனிதர் மட்டும்தான். அவரைக் கொன்றதற்கு இரண்டு தெருவிலும் யாரிடமும் காரணம் இல்லை.

ஜெயசுதா அழுதாள். அப்பா நிமிர்ந்து நிற்கவில்லை என்பதற்காகவா, அவரைக் குனிய வைத்ததற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு வாரைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். எழும்பியிருந்த இடது குதிகாலைத் தன் பலம் முழுக்கக் கொடுத்துக் கீழே அழுத்தினாள். அது எதிர்த்தது, அழுத்தினாள். குதிகால் செருப்பில் பதிந்தது. வலது காலை முன்னால் எடுத்து வைத்தாள்.

மாடி வீட்டைத் தாண்டினாள். செருப்புகள் ஒருநாளும் தாண்டாத இடத்தை அன்று தாண்டின.

பஸ் ஸ்டாப்புக்கும் பஸ்ஸுக்கும் சரியாக இருந்தது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறலையாம்மா?" என்றார்.

"இல்லண்ணே" என்றாள். "ஆளக் கூப்பிட வந்தேன்."

"ஒருத்தரும் எறங்கலியே?"

"பரவால்ல, நான் வந்துட்டேன்."

கண்டக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசில் ஊதினார். பஸ் போனதும் புழுதி அடங்கியது. அப்போது செருப்பிலிருந்து சூடு மெல்ல இறங்கிப்போவது அவளுக்குத் தெரிந்தது. அவசரம் போயிற்று, பயம் போயிற்று. கடைசியில் அது அவள் காலுக்குப் பெரிதான, வார் தொளதொளத்த, வெறும் தோல் செருப்பாக இருந்தது. இனி இதை அவள்தான் நடத்திக்கொண்டு போக வேண்டும்.

குழாயடி வரைக்கும் அதே பெரிய தெரு வழியாகத் திரும்பினாள். சரட், சரட் என்று இழுபட்டுச் சத்தம் போட்டது செருப்பு. இருந்தும் கழற்றவில்லை. கூட்டம் கலைந்திருந்தது. தெருவின் அந்த முனையில், கொட்டகையில் வெள்ளிப் பாதுகைகள் மட்டும் தனியாக இருந்தன. அங்கே இன்றைக்கும் விளக்கு ஏற்றுகிறார்கள். கேட்டால், "சாமி வெளியூர் போயிருக்கு, வந்துரும்" என்று சொல்கிறார்கள். மாடி வீட்டின் முன்னால் வந்தபோது செருப்புகள் நிற்கவில்லை. அவள்தான் நின்றாள்.

சொர்ணம் அதே நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. உள்ளே தனுஷ்கோடி யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருப்பது கேட்டது.

"ஸ்டேஷன்ல ஏட்டையா ஆள் சாட்சி வேணும்னாரு" என்றாள் ஜெயசுதா. கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. "இங்க சொன்னத அங்க வந்து சொல்லுவீங்களா?"

சொர்ணம் அவள் காலில் இருந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் தனியாக எங்கும் போனதில்லை.

"காலைல மொத பஸ்சு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

ஜெயசுதா நேரத்தைச் சொன்னாள்.

காலனியில் அவள் வீட்டு வாசலில் இருளாயி ஒரு செம்புத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். மாரிக்கண்ணு முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சுவர் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. சோற்றின் வாசம் தெருவரைக்கும் வந்தது. ஜெயசுதா வாசலில் நின்று, பழக்கத்தில், இடது குதிகாலை எழுப்பி, வாரைப் பிடிக்கக் குனிந்தாள்.

"கழட்டாத" என்றாள் இருளாயி.

செம்புத் தண்ணீரை மகளின் காலில், கருகிய அந்தச் செருப்பின் மேலேயே, மெதுவாக ஊற்றினாள். அப்புறம் கதவை விட்டு ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

"ஒங்கப்பாவ அப்டியே உள்ள வரச் சொல்லு."